ஹாஜிராவின் துருக்கி மொழி

பேனாவை மூன்றாவது முறையாகத் தட்டிவிட்டான் துருக்கிக் கப்பல்காரன்.

அவனுக்குக் குடல்வால் வெடித்திருந்தது. தாமதித்தால் உயிருக்கு உத்தரவாதமில்லை. டாக்டர் லோகன் கைப்பேசியில் மொழிபெயர்த்துக் காட்டிய எல்லாவற்றையும் அவன் படித்தான். அறுவை சிகிச்சைக்குச் சம்மதக் கையெழுத்து மட்டும் போடவில்லை. கிள்ளான் துறைமுகத்திலிருந்து அவனைக் கொண்டுவந்து விட்டவர்கள் கப்பலுக்குத் திரும்பிவிட்டார்கள்.

டாக்டர் திரும்பினார். "ஹாஜிராக்கா, எந்நேரமும் துருக்கி டிராமாதானே பாக்குறீங்க? கொஞ்சம் பேசுங்க லா."

வார்டில் சாப்பாட்டு வண்டி தள்ளும் ஹாஜிரா கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு பத்து. ஆறு மணிக்கு பந்திங் வீட்டில் மகள் நஸ்ரினைப் பெண் பார்க்க வருகிறார்கள். நாலரை பஸ்ஸை விட்டால் அவ்வளவுதான்.

பதினோரு வருடமாகத் திரையின் கீழே ஓடும் மலாய் எழுத்தைப் படித்தபடி காதில் விழுந்த மொழி. அந்த நாடகங்களில் யாருக்கும் பொறுமை கிடையாது. எதுவானாலும் ஹெமென், உடனே. அதைவிட அவசரமென்றால் ஒரே வினையை இரண்டு முறை அடுக்குவார்கள். கெலிர் கெல்மெஸ். சொல்லுக்குச் சொல் 'வரும், வராது'; பொருள், வந்த அந்தக் கணமே.

"ஹெமென்," என்றாள்.

அவன் திரும்பவில்லை. கட்டிலோரம் கிடந்த காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தான். இருபத்திரண்டு வயது இருக்கலாம்.

ஹாஜிரா குனிந்தாள். ஏதோ ஒரு நாடகத்தின் ஆஸ்பத்திரிக் காட்சியில் ஒரு தாய் சொன்னதை அப்படியே சொன்னாள். அதிலும் ஒரு வினை இரண்டு முறை வந்தது.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு பேனாவுக்குக் கை நீட்டினான்.

"ஐயோ, அப்படி என்னக்கா சொன்னீங்க?"

"சட்டுனு போடுன்னுதான் டாக்டர்."

கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

ஆறே முக்காலுக்குக் கைப்பேசி ஐந்தாவது முறையாக அடித்தது. நஸ்ரின்.

"ம்மா, எல்லாரும் வந்து உக்காந்து தேத்தண்ணியும் குடிச்சாச்சு. உங்களத்தான் கேக்குறாங்க. எங்கம்மா இருக்கீங்க?"

"இந்தா, வரேன்."

கட்டிலோர நாற்காலியிலிருந்து எழுந்தாள். கதவு வரை போனாள். திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். கட்டிலில் அவன் இன்னும் மயக்கம் தெளியாமல் கிடந்தான்.

நீ கண் விழித்த கணமே உன் பக்கத்தில் இருப்பேன். துருக்கியில் அவனிடம் அவள் சொன்னது அதைத்தான்.

நாடகத்தில் அந்தத் தாய் வரவில்லை. மகன் விழித்தபோது நாற்காலி காலியாக இருந்தது.