மற்றக் கால்

"இந்த மாதம் எட்டுத் தடவை லிஃப்ட் நிண்டிருக்கு. எட்டுத் தடவையும் கதை. நாங்கள் என்ன, மறியலில கிடக்கிற கைதியளோ?"

சங்கத் தலைவர் நாகமணி மேசையில் தட்டினார். அந்த வெள்ளவத்தை மாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் கூட்டம். நடுவில் தலை குனிந்து நின்றவன் லிஃப்ட் எஞ்சினியர் சப்ரி. அவனுடைய முதல் ஒப்பந்தமே இந்தக் கட்டடம்தான்.

கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த றலியா டீச்சருக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவள் வீடு கீழ்த்தளத்தில். லிஃப்ட் அவளுக்குத் தேவையில்லை.

சப்ரி ஓய்வு நேரத்தில் நாவல் எழுதுகிறவன். மாதத் தொடக்கத்தில் லிஃப்ட் நடுவழியில் நின்று, நாகமணியின் மனைவி பாலேஸ்வரி உள்ளே மாட்டி அழுதபோது, தெஹிவளையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தபடியே, பயம் போக்க அந்த நாவலைப் போனில் சொல்லத் தொடங்கினான். கடல் கதை. காலி வீதி வாகனங்களின் ஹோர்ன் பின்னணி.

பிறகு லிஃப்ட் நிற்பதும் அவன் கதை சொல்வதும் வழக்கமாகிவிட்டது. போன புதன்கிழமை அவன் வந்து சேர்ந்து கதை நின்றபோது, கதாநாயகி பத்மா ஒற்றைக் காலைக் கப்பல் படியில் வைத்திருந்தாள். லிஃப்டில் ஏறாத றலியாவுக்கே அது தெரியும். கட்டடம் முழுக்க அதே கதைதான்.

கதை கேட்க ஆள் கிடைக்காமல் சனத்தைப் பூட்டிவைக்கிறான் என்றது முறைப்பாட்டுக் கடிதம். ஏழு கையெழுத்து. முதல் கையெழுத்து நாகமணி.

றலியா குறுக்கிட்டாள். "லிஃப்ட் ஏன் நிண்டதெண்டு அதிலேயே பதியுமே தம்பி. அந்தப் பதிவுக் கடுதாசியைக் காட்டுங்களேன்."

சப்ரி சட்டைப் பையைத் தொட்டான். "வாணாம் டீச்சர். பிழை என்ட பக்கம்தான்."

தீர்ப்பு வந்தது. இன்னும் ஒரு தரம் நின்றால் ஒப்பந்தம் ரத்து.

எல்லோரும் லிஃப்டில் மேலே போனார்கள். கடைசியாகத் தனியே ஏறியவர் நாகமணி.

றலியா விடவில்லை. பதிவுக் கடுதாசியை வாங்கிப் பார்த்தாள். முதல் தடவை மோட்டார் கோளாறு. மிச்சம் ஏழு தடவையும் ஒரே வரி: உள்ளே சிவப்பு நிறுத்தப் பொத்தான் அழுத்தப்பட்டது.

"அட அல்லாஹ்வே. இதைக் காட்டியிருந்தா தப்பியிருப்பீங்களே."

"காட்டினா வெக்கத்துல பிறகு ஒருத்தரும் அமத்த மாட்டாங்க டீச்சர். எனக்கு இரிக்கிறதே ஏழு வாசகர்தான்."

அவன் போன் அடித்தது. லிஃப்டிலிருந்து. நாகமணியின் குரல் மெதுவாக வந்தது.

"தம்பி, இதைக் கணக்கில எடுக்காதையும். அந்தப் பெட்டை பத்மா... மற்றக் காலையும் வைச்சவளோ?"