அவைக்குறிப்பில் ஏறாத பேச்சு

"அந்த லைன்மேன் குடிக்கவே இல்லை. கோர்ட்ல நான் சொன்னது பச்சைப் பொய்!"

சட்டசபை ஒரு நிமிஷம் மூச்சு விட மறந்தது.

சபையின் நடுவே, உறுப்பினர்களின் பேச்சைச் சுருக்கெழுத்தில் எடுத்துக்கொண்டிருந்தவளின் பேனா அப்படியே நின்றது. எட்டு வருஷ சர்வீஸில் அது நின்றதே இல்லை.

பேசியவர் ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. அவளுடைய ஊர்க்காரர். ஒரு காலத்தில், கோர்ட்டுக்கு எதிரே டைப்ரைட்டிங் கடைக்காரர் இரக்கப்பட்டு ஒதுக்கிக் கொடுத்த அரை மேஜையில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்த வக்கீல்.

ஒரே ஒரு கேஸ்தான் அவரைத் தூக்கிவிட்டது. கம்பத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த லைன்மேன் ஒருவர் ஷாக் அடித்து இறந்துபோனார். 'குடித்துவிட்டு ஏறினார்' என்று வாதாடி, மின்சாரக் கம்பெனியைக் காப்பாற்றினார் வக்கீல். அதற்கப்புறம் கம்பெனி கேஸெல்லாம் அவருக்கே. ஊரில் 'பாயிண்ட் வக்கீல்' என்று பெயர். பிறகு கட்சி, சீட், இரண்டு தடவை வெற்றி.

செத்துப்போன அந்த லைன்மேன், இவளுடைய அப்பா.

இன்றைக்கு மின் தொழிலாளர் மசோதா. ஆதரித்து நாலு வார்த்தை பேசத்தான் கட்சி அவரை எழுப்பிவிட்டிருந்தது.

"சபாநாயகர் அவர்களே, ஒன்பதாவது பிரிவைப் பாருங்க. போதையில இருந்த தொழிலாளி செத்தா குடும்பத்துக்கு எதுவும் கிடையாதுன்னு போட்டிருக்கு. அதுக்கு அமைச்சர் காட்டின உதாரணம் என் கேஸ். ரெண்டு பொய்ச் சாட்சியை வச்சு, ரத்தத்துல சொட்டு சாராயம் இல்லைங்கிற டாக்டர் ரிப்போர்ட்டை மறைச்சு, நான் ஜெயிச்ச கேஸ்! லைனை ஆஃப் பண்ண மறந்தது கம்பெனி. பழி செத்தவர் மேல!"

"உட்காருங்கய்யா! யாரைக் கேட்டுப் பேசுறீங்க?" அமைச்சர் எழுந்தே விட்டார்.

எதிர்க்கட்சி வரிசை மேஜையைத் தட்டோ தட்டென்று தட்டியது.

"உறுப்பினர் பேசியது முழுவதும் அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படுகிறது" என்றார் சபாநாயகர்.

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கே? அடிச்சுட்டு அடுத்ததை எழுது" என்று கிசுகிசுத்தார் பக்கத்திலிருந்த சீனியர்.

அடித்தாள். கோடு நேராக வரவில்லை.

எழுதும் முறை முடிந்து வராந்தாவுக்கு வந்ததும் சீனியர் சிரித்தார்.

"பலே ஆளும்மா! சபைக்குள்ள பேசினதை வச்சு எந்தக் கோர்ட்டும் அவரை ஒண்ணும் பண்ண முடியாது. நல்ல பேருக்கு நல்ல பேர், தலைக்கும் சேதம் இல்ல. பாயிண்ட் வக்கீல்னா சும்மாவா?"

அவளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. செத்தவர் பேரை வைத்து இன்னொரு வெற்றியா? வேலை போனாலும் போகட்டும், நேருக்கு நேர் கேட்டுவிடுவது என்று வாசலுக்கு ஓடினாள்.

அவர் கேட்டுக்கு வெளியே, நடைபாதையில் நின்றிருந்தார். சுற்றிலும் மைக்குகள்.

"சார், உள்ளே சொன்னதை இங்கே சொன்னா மாட்டிக்குவீங்க. யோசிச்சுப் பேசுங்க" என்றார் ஒரு நிருபர்.

"மாட்டிக்கத்தானே கேட்டைத் தாண்டி வந்திருக்கேன்?" அவர் பையிலிருந்து ஒரு பழுப்பேறிய காகிதத்தை எடுத்தார். "நான் மறைச்ச ரிப்போர்ட் இதுதான். ஒரிஜினல். இங்கிருந்து நேரா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறேன். எழுதிக்கோங்க."

கேட்க வந்த கேள்வி அவளுக்கு மறந்துபோனது. வேறொன்று வந்தது.

"பதினெட்டு வருஷமா இதை எங்கே சார் வச்சிருந்தீங்க?"

"நீ யாரும்மா?"

"அவர் பொண்ணு."

அவர் முகத்தில் ரத்தம் வற்றியது. கை தானாகக் குவிந்தது.

"ஊர்தான் நம்பும், வீட்டுல இருக்கிறவங்களுக்கு அவரைப் பத்தித் தெரியாமலா போகும்னு சொல்லிச் சொல்லியே என் மனசை ஏமாத்திக்கிட்டேன்மா. நீங்களாவது நம்பியிருக்க மாட்டீங்க, இல்ல?"



நம்பினாள். பதினாலு வயதில், தீர்ப்பு வந்த அன்றைக்கே நம்பினாள். பள்ளிக்கூடத்தில் 'குடிகாரன் பொண்ணு' என்றார்கள். அவள் வக்கீலை வெறுக்கவில்லை, அப்பாவைத்தான் வெறுத்தாள். கூடத்தில் இருந்த அவர் படத்தைக் கழற்றிப் பரணில் போட்டாள். கேட்டவர்களிடமெல்லாம் அப்பா காய்ச்சலில் போய்விட்டார் என்றாள்.

"அவர் ஒரு நாளும் தொட்டதில்லடி" என்று அம்மா ஒரே ஒரு தடவை சொன்னாள்.

"கோர்ட்டே சொல்லிடுச்சு, நீ சும்மா இரும்மா!" என்று கத்தினாள் இவள். அதோடு அந்த வீட்டில் அப்பா பேச்சே இல்லை.

கூட்டத்தை விட்டு விலகி வந்தாள். செல்போனில் அம்மா நம்பரை அழுத்தினாள்.

"அம்மா... அப்பா குடிக்கலம்மா! அந்த வக்கீலே எல்லார் முன்னாடியும் சொல்லிட்டார்மா!"

அந்தப் பக்கம் பாத்திரத்தைக் கீழே வைக்கும் ஒலி மட்டும் கேட்டது.

"அன்னைக்கும் அந்த வக்கீல் சொன்னதைத்தான் நம்பினே" என்றாள் அம்மா. "இன்னைக்கும் அந்த வக்கீல் சொன்னதைத்தான் நம்புறே."