முதல் ஊதுபத்தி

வூஹானில் துக்கம் நடந்த வீட்டுக்கு, அடுத்த புத்தாண்டுக் காலையில் நாலு பேர் சாமந்தியோடு வந்து ஊதுபத்தி ஏற்ற வேண்டும். இந்தக் கொள்ளைநோய்க் காலத்தில், இறந்துபோன தன் கணவருக்கு யார் வருவார்கள் என்று கலங்கியிருந்தாள் ஷூஃபென்.

தரைத்தளத்து வீட்டுத் தோ அண்ணன் பூவோடு வந்து மூச்சு வாங்கினார். “ஆறு மாடி! என்னையும் உன் புருஷன்கிட்டயே அனுப்பப் பாக்குறியா, தங்கச்சி?”

அழுகையிலும் சிரித்துவிட்டாள். “அண்ணி வரலையா?”

“அவளால ஏற முடியலம்மா.”

ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டார். அண்ணிக்கு நன்றி சொல்ல அவளும் கூடவே இறங்கினாள்.

திறந்திருந்த வீட்டில், அண்ணியின் படத்துக்கு முன்னால் சாமந்தி குவிந்திருந்தது.

“அண்ணே... எப்போ?”

“நீ காய்ச்சல்ல கிடந்தப்போ. சொல்ல மனசு வரல.”

“அண்ணிக்கு ஊதுபத்தி ஏத்த வர்றவங்களுக்காக இன்னிக்கு நீங்க இங்கல்ல இருக்கணும்?”

“இருந்தா விடுவாளா? ‘அங்க யாருமில்ல, முதல்ல மேல போய்யா’ன்னு துரத்தியிருப்பா.”