நத்தை மேல் ஒரு விரல்

"இதுல எதைம்மா அமுக்கணும்?" என்று அப்பா மறுபடியும் கேட்டார்.

அவள் பதில் சொல்லவில்லை. சொல்லக் கூடாது.

இணையதளம் செய்யக் கற்றுக்கொடுக்கும் வகுப்பின் விதி அது. உங்கள் தளத்தைப் பார்த்தே இராத ஒருவர் கையில் கொடுங்கள். பக்கத்தில் உட்காருங்கள். வாயைத் திறக்காதீர்கள்.

வீட்டில் அவளுக்குப் பட்டாசு என்று பெயர். அவளுக்குப் போய் இப்படி ஒரு விதி.

எல்லாம் ஒரு மழலையர் பள்ளி ஆசிரியையால் வந்தது. உங்கள் தளத்தில் கதை எங்கே இருக்கிறது என்று தேடுவதற்குள் பிள்ளைகள் தூங்கிவிடுகிறார்கள் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். மாற்றினால் இன்னொரு முறை தன் வகுப்பில் திறப்பாளாம். இல்லையென்றால் வேறு எழுத்தாளரைப் பார்த்துக்கொள்வாளாம்.

அந்த இன்னொரு முறை இன்று மத்தியானம்.

முதலில் சுள்ளென்று கோபம் வந்தது. பரம்பரையிலேயே முதல் பட்டதாரி, குழந்தைகளுக்கென்றே புத்தகம் எழுதுகிறவள், அவளுக்கே பாடமா?

அப்புறம் தன் தளத்தைத் தானே திறந்து பார்த்தாள். 'அன்பு மழலைச் செல்வங்களே' என்று ஆரம்பித்து ஒரு முழுப் பக்கத்துக்கு உரை. அதன் கீழே முகப்பு, நூல்கள், ஆசிரியர் குறிப்பு, தொடர்புக்கு. அத்தனையும் ஆனா ஆவன்னாவே தெரியாத பிள்ளைகளுக்கு.

கோபம் திரும்பி அவள் மேலேயே விழுந்தது. உட்கார்ந்து கற்றுக்கொண்டாள். எல்லாவற்றையும் அழித்தாள். இப்போது ஒரு புத்தகத்துக்கு ஒரு படம். தொட்டால் அவள் குரலில் கதை. அவ்வளவுதான்.

சோதித்துப் பார்க்க வீட்டில் அப்பாதான் இருந்தார். பெயிண்டர். இன்று வேலை இல்லை.

அவள் புத்தகம் ஒவ்வொன்று வரும்போதும் கையில் வாங்குவார். அட்டையைத் தடவுவார். உள்ளே புரட்ட மாட்டார். "நல்லாருக்கு" என்பார். எதற்கும் அதே ஒரு சொல். அவளுக்கு எரியும். ஆனாலும் அதற்கு மேல் அவரிடம் கேட்டதில்லை.

அப்பாவின் விரல் ஃபோன் மேலே காக்காய் மாதிரி வட்டமடித்தது. ஓரத்தில் இறங்கியது. ஒன்றும் நடக்கவில்லை.

"என்ன, பட்டாசு இன்னிக்கு நமுத்துப்போச்சா?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். நத்தைப்பா, அந்த நத்தையைத் தொடுப்பா என்று மனசு கத்தியது.

விரல் நத்தை மேல் இறங்கியது. உப்புத்தாள் தேய்த்துத் தேய்த்து மழுங்கிப்போன விரல், ஃபோன் கண்டுகொள்ளவில்லை. இன்னும் அழுத்தித் தொட்டார்.

'ஒரு நத்தை வாடகைக்கு வீடு தேடிக் கிளம்பியது' என்று அவள் குரல் ஆரம்பித்தது.

அப்பா ஃபோனைக் காதோடு ஒட்டவைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் தோள் குலுங்கியது.

"அட கூறுகெட்ட நத்தையே, சொந்த வீட்டை முதுகுல வச்சுக்கிட்டு!"

அவளுக்கு அப்பாடா என்று மூச்சு வந்தது. இவர் தொட்டுவிட்டார். இனி பிள்ளைகளும் தொட்டுவிடுவார்கள். மத்தியானம் வரட்டும்.

கதை முடிந்தது. அப்பா எழுந்து அலமாரிக்குப் போனார். வரிசையில் இருந்த புத்தகங்களில் ஒன்றைத் தயங்காமல் உருவினார். அட்டையில் அதே நத்தை, ஒரு பெரிய இலை மேல்.

"இந்தக் கிளிப்பச்சைக்குள்ள இத்தனை நாளா இதுதான் இருந்துச்சா?"

அவர் கண் வரிசையில் அடுத்ததற்குப் போனது.

"அப்ப அந்த மாம்பழ மஞ்சள்ல?"

சோதனைதான் முடிந்துவிட்டதே, இனி அவள் பேசலாம். சொல்ல வாயெடுத்தாள்.

அவர் காத்திருக்கவில்லை. திரையில் அந்த மஞ்சளைத் தேடி, தானே அழுத்தித் தொட்டார்.