துரை சாப்பிட்ட நாள்

"அவங்க வர்ற நேரமாச்சு. அந்தத் தொட்டி மேல ஒரு போர்வையையாவது போட்டு மூடேன்டா."

அம்மா மூன்றாவது முறையாகச் சொன்னாள். மகன் காதில் வாங்கவில்லை. கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் முட்டி போட்டு, நீள இடுக்கியின் நுனியில் ஓர் இறாலைப் பிடித்துத் தண்ணீருக்குள் ஆட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னியோட ஒன்பது நாள்மா. துரை ஒரு வாய்கூடச் சாப்பிடல."

துரை என்பது விலாங்கு. கைத்தடி நீளத்துக்கு வளர்ந்த நன்னீர் விலாங்கு. ஐந்து வருடமாக அவன் கொடுத்ததைத் தின்று வளர்ந்த ஜீவன். போன வாரம் தொட்டியை ஜன்னலோரத்திலிருந்து நகர்த்தியதில் கோபமோ என்னவோ, பிளாஸ்டிக் குழாய்க்குள் உடம்பைச் செருகிக்கொண்டு மூக்கை மட்டும் வெளியே நீட்டியிருந்தது.

"முப்பத்தாறு வயசாகியும் உனக்கு ஒரு கல்யாணம் ஆகலையேன்னு நானுந்தான் சரியா சாப்பிடறதில்ல. அதைக் கேட்க நாதியில்ல" என்றாள் அம்மா.

மகனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை இருந்தது, சொந்த வீடு இருந்தது, கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் மூன்று சம்பந்தம் இந்தத் தொட்டியால் தட்டிப்போயிருந்தது. முதல் பெண் பாம்பு என்று நினைத்து, செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள். இரண்டாவது பெண், "நானா அதுவா, நீங்களே முடிவு பண்ணுங்க" என்றாள். அவன் யோசிக்க ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டதே வினையாகிப் போனது. மூன்றாவது பெண்ணுக்குப் பயமில்லை. அவளுடைய அப்பாவுக்குத்தான் மயக்கம் வந்துவிட்டது.

அழைப்பு மணி அடித்தது.

நாலாவது பெண் அண்ணனோடு வந்திருந்தாள். வாழப்போகிற வீட்டைப் பார்க்காமல் பதில் சொல்ல மாட்டேன் என்று தரகரிடம் கறாராகச் சொல்லியிருந்தாளாம். பெரிய ஓட்டலில் உத்தியோகம், நல்ல சம்பளம். தரகர் சொன்னது அவ்வளவுதான்.

காபித் தட்டோடு அம்மா தொட்டியை மறைத்து நின்றாள். பெண் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"விலாங்கா?"

"பாம்பு இல்லம்மா. சத்தியமா பாம்பு இல்ல."

"தெரியும்மா." அதற்குள் அவள் தொட்டியருகே போய்க் குனிந்திருந்தாள். "எவ்ளோ அழகா வளர்த்திருக்கீங்க. ஒண்ணரை கிலோவுக்குக் குறையாது."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "ஒரு கிலோ அறுநூறு கிராமுங்க. எப்படிச் சொன்னீங்க?"

"பார்த்தாலே தெரியும். நீங்க ஏன் இப்படி வாடிப்போய் இருக்கீங்க?"

"ஒன்பது நாளா பட்டினிங்க, இது."

"அதனால ஒண்ணும் ஆகாது. வயித்துல இருக்கிற மண்ணெல்லாம் போய் நல்லா சுத்தமாயிடும்."

இப்படி ஆறுதலாக அவனிடம் இதுவரை யாரும் பேசியதில்லை.

அவள் சோப்புப் போடாமல் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். "இடுக்கியைக் கீழ வைங்க. இரும்பு தட்டுற சத்தம் கேட்டா இது வெளிய வராது. இதுக்குக் கண்ணைவிட மூக்குதான்" என்றபடி இறாலின் தலையை நசுக்கி, மூடியைத் திறந்து, கையைத் தண்ணீரில் விட்டாள்.

துரை குழாயை விட்டு வெளியே வந்தது. வந்த வேகத்தில் அவள் கையோடு ஏறி, தொட்டி விளிம்பைத் தாண்டி, சொத்தென்று தரையில் விழுந்தது.

அண்ணன் சோபாவின் மேல் ஏறிவிட்டான். அம்மா நாற்காலி மேல். மகன் மட்டும் அறை முழுக்க அதைத் துரத்தினான். பிடிக்கப் பிடிக்க வழுக்கிக்கொண்டு போனது.

"பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும்னு சும்மாவா சொன்னாங்க" என்று அம்மா நாற்காலியிலிருந்தபடியே புலம்பினாள்.

"ஒரு ஈரத் துண்டு கொடுங்க" என்றாள் பெண், நிதானமாக.

துண்டை வீசி, மண்டிபோட்டு, கழுத்துக்குப் பின்னால் மூன்று விரலைக் கொடுத்து ஒரே பிடி. துரை அசையவில்லை. "ரொம்பத் துள்ள விடக் கூடாது. உடம்பு கன்னிப்போயிடும்" என்று சொல்லிக்கொண்டே அதைத் தண்ணீரில் விட்டாள். பிறகு இறாலை நீட்டினாள். துரை ஒன்றைத் தின்றது. அப்புறம் அடுத்தடுத்து ஐந்து.

அவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"எனக்குச் சம்மதம்" என்றான். இன்னும் யாரும் அவனைக் கேட்கவே இல்லை.

அண்ணன் சோபாவிலிருந்து இறங்காமலே தங்கையைப் பார்த்தான். அவள் சிரித்தாள்.

"எனக்கும்தான். ஒரு மீன் சாப்பிடலைன்னு இப்படித் தவிக்கிறவர், பொண்டாட்டி சாப்பிட்டாளான்னு கேட்காமலா இருந்துடுவார்?"

அம்மா நாற்காலியிலிருந்து இறங்கி வந்து மருமகளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "இந்தக் கைப்பக்குவத்தை எங்க கத்துக்கிட்டம்மா?"

"எங்க ஓட்டல் சமையலறையிலதான் அத்தை" என்றாள் அவள். "தினம் நாப்பது விலாங்கு நான்தான் தோலுரிச்சு வெட்டிக் கொடுக்கிறேன். விலாங்குக்கே சாப்பாடு போட்டது இன்னிக்குத்தான் முதல் தடவை."