டீக்கு முன் ஒரு மணி நேரம்

தழையை மென்றுகொண்டே உள்ளங்கையில் இருந்த சர்க்கரையைப் பார்த்தாள் ராணியம்மாள்.

இது மண்ணாகிவிட வேண்டும் என்று சுந்தரவரதப் பெருமாளை வேண்டிக்கொண்டாள்.

பக்கத்து வீட்டு ஞானசுந்தரியிடம் கேட்டு வாங்கி வந்த சர்க்கரை. "உனுக்கு எதுக்குக்கா சக்கரை?" என்று அவள் விழித்தாள். எறும்புக்கு என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

இந்தச் சோதனையைச் சொன்னது நிஷா. ஏனாத்தூர் காலேஜில் மூலிகை ஆராய்ச்சி செய்கிற பெண். நேற்று ஏரிக்கரையில் சிறுகுறிஞ்சான் தழையைப் பறித்துக் காகிதப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். அதில் என்னென்ன சத்து இருக்கிறது என்று மிஷினில் பிரித்துப் பார்ப்பார்களாம். மாத்திரையை விட்டுவிட்டு இதை மட்டும் தின்னக் கூடாது என்று எச்சரித்தவள், போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னாள். பார்க்க ஒரே மாதிரி நாலைந்து கொடி இருக்கும். அசல் சிறுகுறிஞ்சானை மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டால் இனிப்பே தெரியாது. மண்ணைத் தின்கிற மாதிரி இருக்கும்.

கேட்டதிலிருந்து ராணியம்மாளுக்குத் தூக்கம் போனது.

அவள் புருஷன் வேதாசலம் தினமும் விடிந்ததும் சிறுகுறிஞ்சான் பறிக்கத்தான் போகிறார். சுகருக்கு நல்லதாம். ஊரில் எத்தனை வேலி இருக்கிறது! அவருக்கு மட்டும் அந்தக் கொடி சிட்டம்மாள் வீட்டு வேலியில்தான் படருமாம்.

சிட்டம்மாள் அவருக்கு மாமன் மகள். பூ வைக்கிற வரைக்கும் வந்து நின்றுபோன சம்பந்தம். இப்போது புருஷனை இழந்து தனியாக இருக்கிறாள். இந்த வயதிலும் ஒரு முடி கொட்டவில்லை, பாவி மகளுக்கு. ராணியம்மாளுக்கோ தைராய்டு வந்ததிலிருந்து சீப்பை எடுக்கவே பயம். உடம்பு ஊதி, கண்ணெல்லாம் வீங்கி, கண்ணாடிப் பக்கமே போவதில்லை.

கொடுமை என்னவென்றால், அந்தத் தைராய்டு மாத்திரையே அவருக்கு வசதியாகப் போய்விட்டது. வெறும் வயிற்றில் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் டீகூடக் குடிக்கக் கூடாது.

"நீ அதுவரிக்கும் சும்மாதானே குந்திக்கினு இருப்ப? அதுக்குள்ள தழை பறிச்சிக்கினு வந்துடறேன்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அந்த ஒரு மணி நேரமும் அவளுக்கு வயிறு எரியும். மாத்திரைச் சூடு என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

திரும்பி வந்ததும் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து டீ குடிப்பார்கள். பாதி டம்ளரிலேயே போதும் என்று கீழே வைத்துவிடுவார். முன்பெல்லாம் இரண்டு டம்ளர் கேட்கிற மனுஷன். அங்கே என்ன மயக்கமோ என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வாரம் ஆஸ்பத்திரியில் பார்த்தபோது அவருக்குச் சுகர் ஏறியிருந்தது. காலில் கட்டைவிரல் புண் வேறு ஆறாமல் நிற்கிறது. தழை மெதுவாகத்தான் கேட்கும் என்று நர்ஸம்மாவுக்கே பாடம் நடத்தினார். விரலை எடுக்கும்படி ஆகிவிடுமோ என்கிற பயம் ஒரு பக்கம், சிட்டம்மாள் ஒரு பக்கம் என்று ராணியம்மாள் கிடந்து தவித்தாள்.

நேற்று அவர் கொண்டுவந்த தழைதான் இப்போது அவள் வாயில். அசலாக இருந்தால் போதும். மனுஷன் தழைக்குத்தான் போகிறார் என்று ஆகிவிடும்.

சர்க்கரையை வாயில் போட்டாள்.

இனித்தது.

அடப்பாவி மனுஷா!

மாத்திரை போட்டுக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. இனி அதை யார் பார்த்தார்கள்? செருப்பைக்கூட மாட்டாமல் நடந்தாள். வழியெல்லாம் கேள்விகளைச் சேர்த்துக்கொண்டே போனாள்.

சிட்டம்மாள் வீட்டு வேலியில் சிறுகுறிஞ்சானும் இல்லை, ஒரு வெங்காயமும் இல்லை. ஏதோ காட்டுக்கொடி படர்ந்து கிடந்தது.

வாசல் பெஞ்சில் வேதாசலம் உட்கார்ந்திருந்தார். சிட்டம்மாள் எட்ட நின்று அடுப்புக்கு விறகு பிளந்துகொண்டிருந்தாள். அவள் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு டம்ளரில் டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சர்க்கரை டப்பா, மூடி திறந்தபடி.

"வாக்கா! மாமாவுக்கு சுகரு போயே போச்சாமே, நீ ஒரு வார்த்த சொல்லலியே?" என்றாள் சிட்டம்மாள், கள்ளமில்லாமல்.

வேதாசலம் கண்ணைத் திறந்தார். எழுந்தவர் எழுந்தபடியே நின்றார்.

சேர்த்துக்கொண்டு வந்த கேள்விகளில் ஒன்றுகூட உதவவில்லை. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கினாள். மீதியை ஒரே மடக்கில் குடித்தாள்.

ராணியம்மாளுக்குச் சுகர் கிடையாது. ஒரு நாளும் இருந்ததில்லை. அவருக்கு வந்த அன்றுதான் வீட்டிலிருந்த சர்க்கரை டப்பாவை எறும்புப் புற்றில் கொண்டுபோய்க் கவிழ்த்தாள். அவரை வைத்துக்கொண்டு தான் மட்டும் இனிப்பாகக் குடிக்க மனசு வரவில்லை. மகள் கல்யாணப் பந்தியில்கூடப் பாயசத்தை ஒதுக்கிவைத்தவள்.

வேதாசலம் குனிந்து தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் எழுந்த இடத்தில் ராணியம்மாள் உட்கார்ந்தாள்.

"எனுக்கும் ஒரு டம்ளர் போடு சிட்டம்மா. சக்கரை தூக்கலா."