கிறங்காத மாத்திரை

“அவளுக்கு மட்டும் நல்ல மாத்திரையா எழுதிக் குடுத்திருக்காரு டாக்டரு. எனக்குத்தான் இந்தக் கண்றாவி!”

சோலையம்மாளுக்கு வயிறு எரிந்தது. அவளுக்கும் பானுப்பிரியாவுக்கும் ஒரே வியாதி. முகத்து நரம்பில் கரண்ட் அடித்தது போல வலி. பார்ப்பதும் சாத்தூரில் ஒரே டாக்டர்தான்.

மாத்திரை போட்டால் சோலையம்மாளுக்கு வலி அடங்கியது. ஆனால் பகலெல்லாம் கிறக்கம்.

தாயில்பட்டி பட்டாசுக் கம்பெனியில் இருவரும் வெடிமருந்து அடைக்கிற அறையில் இருந்தார்கள். போன மாதம் போர்மேன் மணிமுத்து வந்து நின்றார்.

“கிறங்குற ஆளு இந்த ரூம்ல இருக்கக் கூடாது. கை தவறிச்சுன்னா ரூம்ல இருக்குற நாலு பேரும் காலி. லேபிள் ஒட்டுறதுல ஒரு இடம்தான் இருக்கு. ரெண்டு பேர்ல யாரு போறீக? இன்னொரு ஆளு வேலைய விட்டு நின்னுக்கிட வேண்டியதுதான்.”

பானு முந்திக்கொண்டாள். “என் மாத்திரை வேறண்ணே, கிறங்காது. அக்காவ லேபிளுக்கு மாத்துங்க.”

பதினெட்டு வருசம் உட்கார்ந்த இடம். நேற்று வந்தவள் எல்லார் முன்னாலும் பீற்றிக்கொண்டு அவளைக் கிளப்பிவிட்டாள்!

அதிலிருந்து பானுவுக்குத் தலைக்கனம் வேறு. யாரோடும் பேசுவதில்லை. மத்தியானம் தூக்குவாளியோடு தனியாகப் போய்விடுவாள்.

“ஏ பானு, அந்த மாத்திரை பேரச் சொல்லேன். நானும் கேட்டு வாங்கிக்கிறேன்.”

“உங்களுக்கு ஒத்துக்கிடாதுக்கா.”

‘ஒத்துக்கிடாதாம்ல! இவ பெரிய டாக்டரு!’

இன்று மத்தியானம் பானு கை கழுவப் போன நேரம், சோலையம்மாள் அவள் பையைத் திறந்துவிட்டாள். பேரைப் பார்த்தால் போதும்.

தூக்குவாளியில் வெறும் கஞ்சித் தண்ணி. அதுவும் பாதி அப்படியே இருந்தது. பக்கத்தில் மாத்திரை அட்டை.

அதே பச்சை அட்டை. அதே பேர்.

நிமிர்ந்தால் பானு நிற்கிறாள். ஒரு கை கன்னத்தைத் தாங்கியிருந்தது. கண்ணெல்லாம் தண்ணீர்.

“இது என் மாத்திரைதானடி! கிறங்காதுன்னு சொன்ன?”

“கிறங்கும்க்கா.” உதடு அசையாமல் பேசினாள். “அதான் பகல்ல போடுறதில்ல. வேலை முடிஞ்சு மணி அடிச்சப்புறம்தான் போடுவேன்.”

“அதுவரைக்கும் வலி?”

பானு கன்னத்தை இன்னும் அழுத்திப் பிடித்தாள். மென்று தின்ன முடியாமல், வாய் திறந்து பேச முடியாமல் அவள் ஒதுங்கியிருந்த ஒரு மாதமும் சோலையம்மாளுக்கு இப்போதுதான் புரிந்தது.

“ஏண்டி பொய் சொன்ன?”

“லேபிள்ல ஒரு ஆளுக்குத்தானக்கா இடம் இருந்துச்சு.”